அப்பப்பாவின் அம்பாப் பாட்டுக் கசற்: வேவ், எம்பி3, ஃபிளாக், எதில் வைப்பது?

கரைவலைப் பேத்தி கேட்டது:

வணக்கம். எனக்கு இந்த ஒலிக் கோப்பு விஷயமெல்லாம் புதிது. கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் அப்பப்பா திருகோணமலைச் சாம்பல்தீவுக் கரையில் கரைவலை இழுத்தவர். அம்பா பாடுவதில் அவர்தான் முன்குரல். அவர் ஒரு அடி சொல்ல, கயிற்றில் நிற்கும் அத்தனை பேரும் ஏலேலோ போட்டு இழுப்பார்கள். 1982இல் துபாயிலிருந்து லீவில் வந்த சித்தப்பா, கொண்டுவந்த டூ-இன்-வன் ரேடியோவைக் கரையில் வைத்து அதைப் பதிந்திருக்கிறார். அறுபது நிமிடக் கசற். ஒரு பக்கம் முழுக்க அம்பா. மற்றப் பக்கத்தில் அப்பம்மாவின் தாலாட்டும் வீட்டுக் கதையும். சுனாமியிலும் அது தப்பியது, அலுமாரிக்கு மேலே பிஸ்கட் டின்னுக்குள் இருந்ததால்.

போன மாதம் அதை ஒரு கடையில் கொடுத்து பென்ட்ரைவில் மாற்றி வாங்கினேன். ஒரு எம்பி3 கோப்பு, 28 மெகாபைட். அப்பப்பாவின் குரல் கேட்கிறது. ஆனால் பின்னால் வருகிற கடல், கடல் மாதிரி இல்லை. பானைக்குள் தண்ணீர் கொதிக்கிற மாதிரி குளுகுளு என்று ஒரு சத்தம். வீட்டில் பழைய ரேடியோவில் அதே கசற்றைப் போட்டால் இரைச்சல் கூடுதல்தான், ஆனால் கடல் கடலாக இருக்கிறது.

ரொறன்ரோவில் இருக்கும் மச்சாளுக்குக் கேட்கவைக்க, லப்டொப்பில் போட்டுவிட்டு போனைப் பக்கத்தில் பிடித்து வட்ஸ்அப் வொய்ஸ் அனுப்பினேன். அவள் கேட்டுவிட்டு, "அப்பப்பா வீட்டுக்குள்ளே இருந்தா பாடினவர்?" என்கிறாள். கடலையே காணவில்லையாம்!

கல்யாண வீடியோ எடுக்கும் தெரிந்த தம்பி ஒருவர், "வேவ் ஆக மாற்றுங்கள் அக்கா, அதுதான் ஒரிஜினல் குவாலிட்டி" என்றார். ஆடாசிட்டி என்ற ஒலி மென்பொருளில் திறந்து வேவ் ஆக எடுத்தேன். 28 மெகாபைட் 300க்கு மேலே போனது. சத்தம் அதே குளுகுளு.

இவ்வளவு பெரிதான பிறகும் ஏன் நன்றாக இல்லை? ஃபிளாக், ஏஏசி, ஓக் என்று வேறு சொல்கிறார்களே, அதெல்லாம் என்ன? கசற் திரும்ப என் கையில்தான் இருக்கிறது. மறுபடி செய்வதென்றால் எப்படிச் செய்ய வேண்டும்?

---

கிண்ணியாப் பாலம் எழுதியது:

சகோதரி, வினாடிக்கு 320 கிலோபிட் எம்பி3 போட்டு விடுங்கள், முடிந்தது. அதற்கு மேலே உள்ள வித்தியாசம் வௌவாலுக்குத்தான் கேட்கும். நான் பத்து வருடமாகப் பாட்டு, பயான் எல்லாம் எம்பி3யில்தான் வைத்திருக்கிறேன். ஒரு குறையும் இல்லை.

---

பழைய ரெக்கோடிங் பார் எழுதியது:

பிள்ளை, கசற் கையில் இருக்கிறது என்று கடைசியில் எழுதியிருக்கிறீர்களே, அந்த வரிக்கு வந்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. அதைப் பத்திரமாக வையுங்கள். மின்விசிறி மோட்டாருக்கும் ஸ்பீக்கருக்கும் பக்கத்தில் வேண்டாம், காந்தம் நாடாவுக்கு எதிரி.

நான் மத்திய வீதியில் பதினாறு வருடம் ரெக்கோடிங் பார் வைத்திருந்தவன். இளம் பிள்ளைகளுக்குத் தெரியாது: வெறும் கசற்றும் பாட்டுப் பட்டியலும் கொண்டுவந்து தருவார்கள், நாங்கள் பதிந்து கொடுப்போம். கடற்காற்றில், நாடாவைப் படிக்கும் ஹெட் துருப்பிடிக்காமல் வைத்திருப்பதே பாதி வேலை. ஆகவே கசற் பற்றி எனக்குக் கொஞ்சம் வாய் நீளும்.

முதலில் உங்கள் கடைக்காரர் என்ன செய்தார் என்று பார்ப்போம். 28 மெகாபைட்டை எட்டால் பெருக்கினால் 224 மெகாபிட். அதை 3,600 வினாடிக்குப் பிரித்தால் வினாடிக்கு 62 கிலோபிட் சொச்சம். அதாவது 64 கிலோபிட்டில் எம்பி3 போட்டிருக்கிறார். பேச்சுக்கு அது ஒருமாதிரிச் சமாளிக்கும். கடலுக்கு நடக்காது.

ஏன் என்று சொல்கிறேன். வேவ் என்பதில் வித்தை ஒன்றும் கிடையாது. ஒலி அலை அந்தந்தக் கணத்தில் எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று அளந்து, அந்த எண்களை வரிசையாக எழுதி வைக்கிற கணக்குப் புத்தகம் அது. மைக்ரோசொஃப்டும் ஐபிஎம்மும் 1991இல் கொண்டுவந்த கோப்பு வகை. சீடித் தரத்தில் வினாடிக்கு 44,100 தடவை அளக்க வேண்டும், ஒவ்வொரு அளவுக்கும் 16 பிட், இடம் வலம் இரண்டு பக்கத்துக்கும். பெருக்கிப் பாருங்கள், வினாடிக்கு 1,411 கிலோபிட் வரும். நிமிடத்துக்குப் பத்து மெகாபைட்டுக்குக் கொஞ்சம் மேலே.

அது என்ன 44,100 என்று நான் நெடுநாள் யோசித்ததுண்டு. மனிதக் காது அதிகம் போனால் 20,000 ஹேர்ட்ஸ் வரை கேட்கும். ஒரு அலையைப் பிடிக்க அதன் இரண்டு மடங்குக்கு மேல் அளக்க வேண்டும். சரி, 40,000க்கு மேலே ஏதோ ஒன்று. மீதி விஷயம் வீடியோ டெக்கில் இருந்து வந்தது! அந்தக் காலத்தில் இவ்வளவு தரவைப் பிடிக்கக்கூடியது வீடியோ நாடாதான். அதில் ஒரு வரிக்கு 3 அளவு, 245 வரி, வினாடிக்கு 60 புலம் (அரைப் படம்) என்று பெருக்கினால் 44,100. நம் பக்கத்து பால் (PAL) தொலைக்காட்சி முறையில் 294 வரி, 50 புலம், அதிலும் சரியாக 44,100. வீடியோ கசற்றும் வாடகைக்கு விட்டவன் என்பதால் இதை அறிந்தபோது எனக்குத் தனிச் சந்தோஷம். உங்கள் சித்தப்பா கரையில் ரேடியோவை வைத்த அதே 1982இல்தான், ஒக்டோபர் மாதம் ஜப்பானில் முதல் சீடி பிளேயர் கடைக்கு வந்தது.

இனி எம்பி3. ஜெர்மனியின் ஃபிரவுன்ஹோஃபர் ஆய்வகத்தாரின் பெரும் பங்கோடு உருவானது. கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பூர்க் என்பவர் பெயரை இதில் முக்கியமாகச் சொல்வார்கள். எம்பி3 என்பது கோப்புப் பெயரின் வாலில் (.mp3) ஒட்டியது 1995 ஜூலையில். (ஜெர்மன்காரருக்கும் நம் ஊர் ஒலிக்கும் ஒரு உறவு இருந்தது. டொய்ச்ச வெல்ல வானொலியின் மறு ஒலிபரப்பு நிலையம் திருகோணமலையில்தானே இருந்தது. சரி, அது வேறு கதை.)

எம்பி3 செய்கிற வேலை இதுதான். பத்திரகாளி அம்மன் கோயில் திருவிழாவில் தவில் அடிக்கிறபோது பக்கத்தில் நிற்பவர் காதுக்குள் சொன்னாலும் கேட்காது அல்லவா? பெரிய சத்தம் சின்னச் சத்தத்தை மூடிவிடும். மூடப்பட்டதை எழுதி என்ன பயன் என்று எம்பி3 அதற்குப் பிட் செலவழிப்பதைக் குறைக்கிறது. ஒலியை 1,152 அளவுகள் கொண்ட துண்டுகளாக வெட்டி, துண்டுக்குத் துண்டு இந்தக் கணக்கைப் போடுகிறது. சீடித் தரத்தில் ஒரு துண்டு வினாடியில் ஏறக்குறைய நாற்பதில் ஒரு பங்கு.

பாட்டில் இது நன்றாக வேலை செய்யும். கடல் அலையில் மாட்டிக்கொள்ளும். அலை உடைகிற சத்தத்தில் தாழ்ந்த சுருதியும் உச்ச சுருதியும் எல்லாம் ஒன்றாக, ஒழுங்கில்லாமல் கலந்து வருகிறது. எதை விடுவது, எதை வைப்பது? 64 கிலோபிட்டில் எல்லாவற்றுக்கும் இடமில்லை. இந்தத் துண்டில் ஒரு சுருதிப் பட்டையைக் கைவிடும், அடுத்த துண்டில் அதை வைத்துக்கொண்டு இன்னொன்றைக் கைவிடும். அந்த மாறி மாறி வருகிற ஓட்டைகள்தான் உங்களுக்குக் குளுகுளு என்று கேட்கிறது. கிண்ணியாத் தம்பி சொல்கிற 320இல் இது அநேகமாகத் தெரியாது. அவர் சொன்னதில் பாதி சரி. கேட்பதற்கு அது போதும். வைப்பதற்கு நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

அப்புறம் அந்த வேவ். நெத்தலிக் கருவாட்டைத் தண்ணீரில் போட்டால் ஊதும். ஊதினால் மீன் ஆகுமா? உங்கள் 300 மெகாபைட் ஊறிய கருவாடு. எம்பி3 விட்டெறிந்தது வேவ் ஆக மாற்றும்போது திரும்பி வராது. இருக்கிற ஓட்டையையும் சேர்த்து மிகத் துல்லியமாக எழுதி வைத்திருக்கிறது, அவ்வளவுதான். கல்யாண வீடியோத் தம்பி சொன்ன "ஒரிஜினல் குவாலிட்டி" நாடாவில் இருந்து நேராக வேவ் எடுத்தால் மட்டும்.

ஃபிளாக் எப்படி என்றால், விரித்துக் காயப்போட்ட வலைக்கும் மடித்து வைத்த வலைக்கும் உள்ள வித்தியாசம். மடித்தால் இடம் குறையும், விரித்தால் ஒரு கண்ணும் குறையாமல் அதே வலை. முந்திய அளவுகளைப் பார்த்து அடுத்த அளவு இன்னதாக இருக்கும் என்று ஊகிக்கும். ஊகம் எவ்வளவு பிழைத்தது என்பதை மட்டும் எழுதும். ஜோஷ் கோல்சன் என்பவர் 2001இல் முதல் பதிப்பை வெளியிட்டார், இலவசம். சாதாரணப் பாட்டு என்றால் பாதி, அதற்குக் கொஞ்சம் மேலே என்று வந்து நிற்கும். உங்கள் கசற்றில் அவ்வளவு குறையும் என்று நினைக்க வேண்டாம். கடலை யாரால் ஊகிக்க முடியும்? நாடா இரைச்சலும் அப்படித்தான்.

நான் செய்த பிழையையும் சொல்லிவிடுகிறேன். 2003 அளவில், கடையில் கசற் விற்காத காலம் வந்தபோது, என்னிடம் இருந்த சொந்தப் பதிவுகளை, கோயில் உற்சவம், நாடகம், பாடசாலை விழா என்று நாற்பது ஐம்பது கசற், 128 கிலோபிட் எம்பி3 ஆக்கி ஏழு சீடியில் அடக்கினேன். பெரிய கெட்டிக்காரத்தனம் என்று நினைப்பு. கசற்றுகளைப் பழைய சாமான்காரனுக்குக் கொடுத்துவிட்டேன். அந்த ஏழில் இப்போது படிக்கக்கூடியது மூன்று. அந்த மூன்றிலும் சலங்கைச் சத்தம் கேட்கிற இடமெல்லாம் மணல் கொட்டுகிற மாதிரி. அதனால்தான் உங்கள் கடைசி வரியில் மூச்சு விட்டேன்.

மறுபடி செய்கிற விதம்: நல்ல கசற் டெக் ஒன்று தேடுங்கள், ரேடியோ வேண்டாம். ஹெட்டை ஐசோபுரொப்பைல் அல்கஹோலில் நனைத்த பஞ்சுக் குச்சியால் துடையுங்கள், காயவிடுங்கள். கசற்றை ஒரு தடவை முழுக்க ஓடவிட்டுத் திரும்பச் சுற்றுங்கள். நெடுநாள் சுற்றிக் கிடந்த நாடா ஒட்டியிருக்கும். ஹெட்டுக்குப் பக்கத்தில் சின்னத் திருகு ஒன்று இருக்கும், அதுதான் அசிமத், ஹெட்டின் சாய்வைச் சரிசெய்வது. கசற் ஓடும்போது மெல்லத் திருகிப் பார்த்து, கடல் எங்கே ஆகக் கூர்மையாகக் கேட்கிறதோ அங்கே விடுங்கள். இந்த ஒரு திருகு செய்கிற வேலையை எந்தக் கோப்பு வகையும் செய்யாது. லப்டொப்பின் மைக் துளையில் செருகாதீர்கள். லைன்-இன் (டெக்கில் இருந்து வரும் ஒலியை நேராக வாங்கும் துளை) உள்ள யூஎஸ்பி சவுண்ட் கார்ட் ஒன்று வாங்குங்கள். ஆடாசிட்டியில் 48,000 ஹேர்ட்ஸ், 24 பிட். ஆக உரத்த இடம் மைனஸ் ஆறு டெசிபெலைத் தாண்டாமல் பாருங்கள், சிவப்பு எரிந்தால் அது திரும்ப எடுக்க வேண்டிய பதிவு. இரைச்சல் நீக்கும் பொத்தானைத் தொட வேண்டாம். ஸ்டீரியோவில் எடுத்தால் ஒரு மணி நேரம் ஒரு கிகாபைட்டுக்குக் கொஞ்சம் மேலே வரும். கசற் மோனோதான், ஆனாலும் இடம் வலம் இரண்டு பக்கமும் எடுங்கள், ஒரு பக்கம் மற்றதைவிடத் தெளிவாக இருக்கும்.

---

லிங்கநகர்ப் பையன் எழுதியது:

ஐயா எல்லாம் சொல்லிவிட்டார். வட்ஸ்அப் சங்கதியை மட்டும் நான் சொல்கிறேன் அக்கா.

வொய்ஸ் நோட் போவது ஓபஸ் என்ற முறையில், 2012இல் பொதுத் தரநிலையாக வெளிவந்தது. அது கெட்டது இல்லை; சொல்லப்போனால் குறைந்த பிட்டில் எம்பி3யை விட எவ்வளவோ மேல். ஆனால் வொய்ஸ் நோட் பேச்சுக்கென்று மிகக் குறைந்த அளவில் அமைத்தது. அதோடு பல போன்கள் மைக்கில் வரும் தொடர்ச்சியான இரைச்சலைக் காற்று, வாகனம் என்று எண்ணித் தாமே அமுக்கிவிடும். உங்கள் போன் கடலை இரைச்சல் என்று நினைத்துத் துடைத்துவிட்டது. மச்சாள் அப்பப்பாவை வீட்டுக்குள் கேட்டது அதனால்தான். இனி அனுப்பும்போது கோப்பை "டொக்கியுமென்ட்" என்று இணைத்து அனுப்புங்கள், மாறாமல் போகும்.

இன்னொரு குழப்பம், பெயருக்குப் பின்னால் உள்ள வால். அது பெட்டியின் பெயர், உள்ளே இருக்கிற பண்டத்தின் பெயர் என்று எப்போதும் சொல்ல முடியாது. ஓக் என்கிற பெட்டிக்குள் வோர்பிஸ் இருக்கலாம், ஓபஸ் இருக்கலாம். ஐபோனில் வரும் எம்4ஏ பெட்டிக்குள் பெரும்பாலும் ஏஏசி, எம்பி3 மாதிரியே சிலவற்றை விட்டுவிடுகிற வகை, ஆனால் அதே பிட்டில் கொஞ்சம் நன்றாகச் செய்யும். அதே பெட்டிக்குள் ஏஎல்ஏசியும் வரலாம், அது ஆப்பிளின் ஃபிளாக் மாதிரி, ஒன்றையும் இழக்காது. வாலை மட்டும் மாற்றி எழுதினால் எதுவும் மாறாது. அலுவலகத்தில் ஒருவர் எம்பி3 கோப்புக்கு வேவ் என்று பெயர் மாற்றிவிட்டு, தரம் கூடிவிட்டது என்று என்னிடம் சத்தியம் பண்ணியிருக்கிறார்.

வேவ், ஃபிளாக் இரண்டில் எது என்று கேட்டால் நான் ஃபிளாக் வைப்பேன். இடத்துக்காக மட்டும் சொல்லவில்லை. ஃபிளாக் கோப்புக்குள்ளேயே மூல ஒலியின் ஒரு சரிபார்ப்பு எண் எழுதியிருக்கும். பத்து வருடம் கழித்து பென்ட்ரைவ் ஏதாவது பிசகு பண்ணினால், சோதித்துப் பார்த்தவுடன் தெரிந்துவிடும். சாதாரண வேவில் அப்படி ஒன்று கிடையாது. கெட்டுப்போனாலும் சிரித்துக்கொண்டே ஓடும். யார் பதிந்தது, எந்தக் கரை, எந்த வருடம் என்பதையும் ஃபிளாக்குக்குள் தமிழிலேயே எழுதலாம். வீட்டில் ஒன்று, வெளியில் யாரிடமாவது ஒன்று என்று இரண்டு இடத்தில் வையுங்கள், அக்கா. மச்சாளும் ஒரு இடம்தானே.

---

கிண்ணியாப் பாலம் எழுதியது:

கருவாட்டு உதாரணம் வந்த பிறகு நான் வாய் திறக்க முடியாது. என் வாப்பாவின் கசற் இரண்டு வீட்டில் கிடக்கிறது. ஐயா, அந்த அசிமத் திருகுக்கு எந்த நம்பர் ஸ்க்ரூட்ரைவர்?

---

பழைய ரெக்கோடிங் பார் எழுதியது:

சின்ன நட்சத்திரத் தலை, கைக்கடிகாரக்காரர் வைத்திருப்பது போதும். காந்தம் இல்லாததாகப் பாருங்கள் தம்பி. திருகு முதலில் நிற்கும் இடத்தைப் பேனையால் குறித்துவிட்டுத் தொடுங்கள்.

---

கரைவலைப் பேத்தி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. மூன்று கிழமையாகிவிட்டது, மன்னிக்கவும்.

ஓர்ஸ் ஹில்லில் அப்பாவின் சிநேகிதர் வீட்டில் ஒரு டெக் கிடைத்தது. திறந்து பார்த்தால் உள்ளே ரப்பர் பெல்ட் தாராக உருகி ஒட்டிக்கிடந்தது. அதைச் சுரண்டி எடுக்கவே ஒரு சனிக்கிழமை போனது. புது பெல்ட் கொழும்பிலிருந்து வந்தது. திருகைத் திருப்பினபோது, ஐயா, நான் கத்திவிட்டேன். சுவருக்கு அந்தப் பக்கம் இருந்த கடல் அறைக்குள் வந்த மாதிரி.

48,000, 24 பிட், ஸ்டீரியோ. வேவ் ஒரு கிகாபைட்டுக்கு மேல் வந்தது, ஃபிளாக் அதில் முக்கால்வாசி. நீங்கள் சொன்ன மாதிரிப் பாதியாகவெல்லாம் குறையவில்லை. இடப் பக்கம்தான் தெளிவு.

கடையின் எம்பி3யில் இல்லாத ஒன்று கேட்கிறது. பதினேழாவது நிமிடம் அளவில், வலையின் மடி கரைக்கு வரும்போது அம்பா வேகமெடுக்கிற இடத்தில், தூரத்தில் ஒரு பெண் குரல். என்ன மீன் என்று கேட்கிறது. யாரோ பதில் சொல்கிறார். அப்பா அது அப்பம்மாவின் குரல் என்கிறார். பதில் "நெத்தலி" என்கிறார் அப்பா, எனக்கு "சூடை" என்று கேட்கிறது. இரண்டு நாளாக வீட்டில் இதே சண்டை.

ஒரு சந்தேகம் மிச்சம். அப்பப்பாவின் குரல் கொஞ்சம் மெல்லிசாக, அவசரமாகக் கேட்கிறது என்கிறார் அப்பா. டெக் வேகமாக ஓடுகிறதோ? அதை ஆடாசிட்டியில் சரிசெய்து ஃபிளாக் எடுக்கலாமா?

---

பழைய ரெக்கோடிங் பார் எழுதியது:

டெக் வேகமாக ஓடலாம், அல்லது 1982இல் சித்தப்பாவின் ரேடியோ பற்றரி இறங்கி மெதுவாகப் பதிந்திருக்கலாம். மெதுவாகப் பதிந்ததைச் சரியான வேகத்தில் ஓட்டினாலும் குரல் மெல்லிசாகத்தான் வரும். எது என்று இப்போது தீர்மானிக்க முடியாது. ஆகவே மூல ஃபிளாக்கைத் தொடாதீர்கள். கொப்பி ஒன்று எடுத்து அதில் வேகத்தைக் குறையுங்கள், இரண்டு சதவீதம், மூன்று சதவீதம் என்று. அப்பா "இதுதான் அவர் குரல்" என்று சொல்கிற இடத்தில் நிறுத்திவிட்டு, எத்தனை சதவீதம் என்று கோப்பிலேயே எழுதி வையுங்கள். மச்சாளுக்கு அந்தக் கொப்பியில் இருந்து 192 எம்பி3 போதும்.

பதினேழாவது நிமிடத்தை மட்டும் வெட்டி, ஃபிளாக்காகவே இங்கே ஏற்றுங்கள். ஹெட்போன் துடைத்து வைத்திருக்கிறேன். கேட்காமலே சொல்வதானால் நான் அப்பா பக்கம்.